எத்தியோப்பியாவில் ஆசிரியர் வேலை: அதிர்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

எட்டு வருடம் தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டீர்கள். இப்போது எத்தியோப்பியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் கலாச்சார அதிர்ச்சி எப்படி இருக்கும், வகுப்பறையை எப்படிச் சமாளிப்பது, மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூடவே அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2010 அக்டோபரில் போனேன், 2016 நடுவில் திரும்பினேன். சிவில் துறை. ஊர்ப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் ஒன்றிரண்டு குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கிளம்பும்போது விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் விநோதங்களாகவே சொல்லி அனுப்பினார்கள். பச்சை மாட்டிறைச்சி சாப்பிடுவார்கள், வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், நாட்காட்டி ஏழெட்டு வருடம் பின்னால் ஓடும் என்று ஒரு பட்டியல். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று வாரத்தில் பழகிவிடும். கண்ணெதிரே வித்தியாசமாக ஒன்று நின்றால் நாம் தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறோம். ஆறு வருடத்தில் நான் அசடு வழிந்ததெல்லாம் ‘அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே’ என்று நிம்மதியாக மூச்சுவிட்ட இடங்களில்தான்.

மணிக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், போன அன்றே அதில் மாட்டுவீர்கள். அங்கே நாள் தொடங்குவது விடியலில். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் நண்பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுகிறது, அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்கு வசதியானது. நம் ஜாதகங்களில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுவதும் இதே யோசனைதான், நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். அப்படியும் இரண்டாவது வாரம், ‘சனிக்கிழமை 4 மணிக்குச் சிறப்பு வகுப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினேன். காலை பத்து மணிக்கு அறுபது பேர் வந்து காத்திருந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். நான் மாலை நான்கு மணிக்குச் சாக்பீஸ் டப்பாவோடு காலி ஹாலில் நின்றேன். ‘ஹபெஷா மணியா, ஃபெரெஞ்சி மணியா’ (உள்ளூர்க் கணக்கா, வெளிநாட்டார் கணக்கா) என்று கேட்டுக்கொள்ளாமல் எந்த நேரத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு சுலப வழி உண்டு. கடிகாரத்தில் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்தான் அவர்கள் மணி. தொலைதூரப் பஸ் பதினொரு மணிக்கு என்று டிக்கெட் கொடுப்பவர் சொன்னால் அது விடியற்காலை ஐந்து.

அந்த ‘ஃபெரெஞ்சி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிநாட்டான் என்று பொருள். நம் ‘பறங்கி’யும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தெருவில் சிறுவர்கள் உங்களைப் பார்த்து ‘ஹிந்த்’ என்றும் கூப்பிடுவார்கள், சில ஊர்களில் ஃபெரெஞ்சி என்றும் கூப்பிடுவார்கள். தமிழன் ஒருவன் பறங்கியாக நடமாடுவது ஒரு தனி அனுபவம்.

நாட்காட்டி பற்றிச் சுருக்கமாக: முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாளில் ஒரு குட்டி மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11, சில வருடம் 12. நான் போய் இறங்கிய 2010 அக்டோபர் அவர்களுக்கு 2003. அலுவலகக் கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் ‘ஈ.சி.’ என்றிருந்தால் அவர்கள் கணக்கு, ‘ஜி.சி.’ என்றிருந்தால் நம் கணக்கு. குடியிருப்பு அனுமதி அட்டையில் எது என்று பார்க்காமல் விட்டுவிட்டு அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சாப்பாடு. இன்ஜெராவைப் பார்த்ததும் புளித்த மாவில் ஊற்றிய பெரிய ஆப்பம் என்று தோன்றும். டெஃப் என்ற தானியத்தில் செய்வது, கடுகைவிடப் பொடியாக இருக்கும். மேலே மசூர் பருப்பில் காரமாக ஒரு குழம்பு, கடலை மாவை மிளகாயோடு கரைத்த மாதிரி ‘ஷிரோ’. தோசைக்குப் பழகிய நாக்குக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. சைவமாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள், இன்னும் பல நாள்கள் என்று வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் விரதம் இருக்கிறார்கள். அந்த நாள்களில் எந்த ஓட்டலிலும் ‘பெயாய்நெத்து’ என்று கேட்டால் தட்டு நிறையக் காய்கறியும் பருப்பும் வரும்.

இதில்தான் நான் வழுக்கினேன். பொங்கல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விரத நாள், அவர்களும் சைவம், நாமும் சைவம், எவ்வளவு பொருத்தம் என்று துறையில் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்தேன். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், பால் பாயசம், தயிர் சாதம். வந்தவர்கள் மிக மரியாதையாக உட்கார்ந்து, மிக மரியாதையாக வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார்கள். அவர்கள் விரதத்தில் பால், நெய், தயிர், முட்டை எதுவும் கூடாது. ‘விரதம்’ என்று நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்று என்று நான் எடுத்துக்கொண்டதுதான் தவறு. இறைச்சி சமைத்துப் போடலாம் என்றாலும் யோசிக்க வேண்டும். முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிட மாட்டார்கள், கிறிஸ்தவர்கள் அறுத்ததை முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள், கடைகளே தனித்தனி. பன்றியை இருவருமே தொடுவதில்லை. இரண்டு சமயத்தாரும் வரும் விருந்துக்கு விரதச் சாப்பாடுதான் உத்தமம், அதுவும் எண்ணெயில்.

நமக்கே உரிய ஓர் அதிர்ச்சியும் இதில் உண்டு: எச்சில். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே இன்ஜெராவைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். நடுவில் பக்கத்திலிருப்பவர் ஒரு பெரிய கவளமாகச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்டிவிடுவார். அதற்குப் பெயர் ‘குர்ஷா’. ஐம்பது வயதுத் துறைத் தலைவர் எனக்கு ஊட்ட வந்தபோது நான் கையை நீட்டி வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். மேசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேண்டாம் என்று தலையைத் திருப்புவது மட்டும் கூடாது, அது அன்பைத் தள்ளிவிடுவது. அவர்கள் விரலை நக்கிக்கொண்டு மறுபடி தட்டில் கை வைப்பதில்லை, அதில் மிகக் கறார். சாப்பிடும் முன்னும் பின்னும் கை கழுவத் தண்ணீர் கொண்டுவருவார்கள். என் பாட்டி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே முதல் கவளத்தை விழுங்கினேன். இரண்டாவது வருடம் நானே ஊட்ட ஆரம்பித்துவிட்டேன்.

காப்பிக்கு உட்காரக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, கொட்டையைக் கண் முன்னே வறுத்து இடித்து, ‘ஜெபெனா’ என்ற மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல், தோனா, பெரெக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர். கூடவே சோளப்பொரி. அந்தச் சாம்பிராணி வாசனையில் எனக்கு முதல் முறை வெள்ளிக்கிழமை வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது, சொல்லத்தான் வேண்டும். முதல் சுற்றோடு எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு மனம் வருத்தப்படும். துறையில் யாருக்கு எந்தப் பாடம், ஆய்வகச் சாவி யாரிடம் என்பதெல்லாம் கூட்டத்தில் முடிவாவதைவிட இரண்டாவது சுற்றில் முடிவாவது அதிகம்.

இனி வகுப்பறை. நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான்.

வணக்கம் சொல்வதிலிருந்தே வேறுபாடு தொடங்கிவிடும். மாணவன் கை குலுக்குவான், அப்போது இடது கையால் தன் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வான். அது மரியாதை. கை ஈரமாக இருந்தால் மணிக்கட்டை நீட்டுவான். நீங்கள் மணிக்கட்டைத் தொட்டால் போதும். எதைக் கேட்பதற்கு முன்னும் நலமா, வீட்டில் நலமா, இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று ஒரு சுற்று உண்டு. நான் முதல் மாதம் அலுவலகத்தில் நுழைந்ததும் ‘அந்த ஃபைல் என்ன ஆயிற்று’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஃபைல் நகரவே இல்லை. நலம் விசாரிக்கப் பழகிய பிறகு மெல்ல நகர்ந்தது.

பாடம் நடத்தும்போது திடீரென்று ஒருவன் மூச்சை ‘ஹக்’ என்று உள்ளே இழுப்பான். யாரோ எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்கும். நான் முதல் நாள் பேச்சை நிறுத்திவிட்டு ‘என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா’ என்று கேட்டேன். அது ‘ஆமாம்’ என்பதற்கான ஒலி. நம் தலையாட்டல் அவர்களுக்கு இதே அளவு குழப்பம். நான் ‘சரி’ என்று பக்கவாட்டில் ஆட்டியதை ‘மாட்டேன்’ என்று எடுத்துக்கொண்டு ஒரு பையன் பயிற்சி ஏட்டைத் திரும்ப எடுத்துப் போய்விட்டான்.

அவர்கள் மொழியில் நம் ‘சரி’க்கு ‘இஷி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அலுவலகம், கடை, வகுப்பு, எங்கே திரும்பினாலும் இஷி. நீங்கள் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்குக் கொஞ்சம் மேலே, ‘செய்கிறேன்’ என்பதற்கு நிறையக் கீழே. ‘இஷி, நெகெ’ என்றால் ‘சரி, நாளைக்கு’. அந்த நாளை எந்த நாள் என்று அவர்களே கேலி செய்வார்கள். நம் ‘பார்க்கலாம்’ இருக்கிறதே, அதே குடும்பம். வகுப்பில் ‘புரிந்ததா’ என்று கேட்டால் எழுபது பேரும் இஷி என்பார்கள். புரிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சின்னக் கணக்கைத் துண்டுத் தாளில் போட்டுத் தரச் சொல்ல ஆரம்பித்தேன், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி. அன்றைக்குத்தான் என் பாடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்தது. பாதிகூடப் போகவில்லை.

அதில் பெரும் பங்கு என் ஆங்கிலத்துக்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவர்களுக்கு ஆங்கில வழிதான், ஆனால் அந்த ஆங்கிலத்தைப் பெரும்பாலும் அம்ஹாரிக் அல்லது ஒரோமோ பேசும் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டவர்கள். நம் வேகமும், நாம் ‘ட’வை அழுத்தும் விதமும் அவர்களுக்குப் புதிது. முதல் மாதம் பாதி வேகத்தில் பேசுங்கள், பேசுவதையெல்லாம் பலகையிலும் எழுதுங்கள். பதிலுக்கு நீங்களும் அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நமக்கு அது மற்ற வெளிநாட்டாரைவிடச் சுலபம். ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிரோடு சேர்ந்து ஏழு வடிவம் எடுக்கும், ஹ, ஹு, ஹி, ஹா என்று. 33 வரிசை, மொத்தம் 231 எழுத்து. உயிர்மெய் படித்த யாருக்கும் அமைப்பு ஒரே நாளில் பிடிபடும். நமக்குப் பலி வேறு, பல்லி வேறு என்பதைப் போல அவர்களுக்கு ‘அலெ’ என்றால் சொன்னான், ‘அல்லெ’ என்றால் இருக்கிறது. ஆனால் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அங்கே கொஞ்சம் தடுமாறுவீர்கள்.

பெயர்கள் விஷயத்தில் நாம் சொந்த வீட்டில் இருப்பதுபோல் உணரலாம். குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதன் பின் அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். ஓட்டப்பந்தய வீரர் ஹெய்லே கெப்ரெசெலாசியை நம் பத்திரிகைகள் கெப்ரெசெலாசி என்று எழுதும்போது அவருடைய அப்பாவைத்தான் குறிப்பிடுகின்றன. அங்கே பேராசிரியரையும் ‘டாக்டர்’ போட்டுச் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். இதை நான் உடனே பிடித்துக்கொண்டேன். ஆனால் கெப்ரெமரியம் என்ற பையனை நம் வழக்கப்படி செல்லமாகச் சுருக்கி ‘கெப்ரே’ என்று கூப்பிட்டேன். கெப்ரே என்றால் அடிமை, ஊழியன். கெப்ரெமரியம் என்றால் மரியாளின் ஊழியன். ராமதாசன் என்பவனை ‘டேய் தாசா’ என்று வெளிநாட்டான் ஒருவன் கூப்பிட்ட மாதிரி. நண்பர்களுக்குள் சுருக்கிக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை.

முதல் வகுப்பில் நெருக்கம் காட்டுவதாக நினைத்து, ‘உங்களைப் போலவே நாங்களும் ஐரோப்பியருக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். முகங்கள் கல்லாகிவிட்டன. 1896-இல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்தவர்கள் அவர்கள். 1936 முதல் 1941 வரை முசோலினியின் ஆட்கள் இருந்ததைப் போர்க்கால ஆக்கிரமிப்பு என்பார்கள், காலனி என்று ஒருபோதும் ஒப்ப மாட்டார்கள். அந்தப் பெருமிதம் பதினெட்டு வயதுப் பையனின் நடையிலும் இருக்கும். பஞ்சத்தைப் பற்றியும் நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம்.

இதே காரணத்தால் நம் திட்டு அங்கே செல்லாது. ‘எருமை, இதுகூடத் தெரியாதா’ என்று நாம் இங்கே பாசமாகவே திட்டுவோம், பையன்களும் சிரித்துக்கொண்டு உட்காருவார்கள். நான் ஒருவனை எழுப்பி நிறுத்தி ஆங்கிலத்தில் இதில் பாதி அளவுக்குக் கடிந்துகொண்டேன். அவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. குரல் உயர்த்துகிறவர்தான் அங்கே மதிப்பை இழக்கிறார். வகுப்புப் பிரதிநிதி என் அறைக்கு வந்து, பத்து நிமிடம் நலம் விசாரித்துவிட்டு, ‘ஆசிரியரே, தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு கடுமையாகவும் சொல்லுங்கள், ஆனால் மற்றவர்கள் முன்னால் வேண்டாம்’ என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. நம் ஊரிலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும், இங்கே யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

‘சொந்த ஊர் எது?’ என்று கேட்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் யார் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அரசுதான் ஒதுக்குகிறது, அதனால் ஒரே வகுப்பில் ஒரோமோ, அம்ஹாரா, திக்ராய், சிதாமா, குராகே, சோமாலி எல்லாரும் இருப்பார்கள். 1995 அரசியல் சட்டப்படி மாநிலங்களே பெரும்பாலும் இன அடிப்படையில் பிரிந்தவை. ஊரைக் கேட்டால் இனத்தைக் கேட்டதாகிவிடும். ஊர், தெரு, குலசாமி என்று வளைத்து வளைத்துக் கேட்டு நம்மில் சிலர் எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்தானே, அந்தக் கூச்சம் அங்கேயும் உண்டு.

மதிப்பெண் விஷயத்தைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பாடத்தில் தோற்றால் அரியர். அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், நாலைந்து அரியர் வைத்துவிட்டு நன்றாக வந்தவர்கள் நம்மோடு படித்திருக்கிறார்கள். அதனால் ‘இந்த முறை ஒரு தட்டுத் தட்டி வைப்போம், பயம் வரட்டும்’ என்று திருத்துகிற கை நம் கை. அதே கையோடு முதல் செமஸ்டர் விடைத்தாள்களைத் திருத்தினேன். அங்கே முதல் வருடத்தில் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் படிப்பு நிறுத்தம், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுதிக்கொள்ள அரியர் என்று ஒன்று கிடையாது. சிலருக்கு ஒரு வருடம் கழித்துத் திரும்ப வர வாய்ப்புண்டு, பலருக்கு இல்லை. இந்த விதி அச்சடித்த புத்தகத்தில் இருந்தது, ஆனால் எனக்கு அதை யாரும் தரவில்லை. கேட்டு வாங்காதது என் பிழையும்தான்.

பட்டியல் ஒட்டிய மறுநாள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் துறையிலேயே மூத்தவர், ஒருவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர், மூன்றாவது ஆள் யாரென்றே தெரியாது, வெள்ளைத் துண்டு போர்த்திய பெரியவர். ஒரு பையனுக்காகப் பேச வந்திருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது, சிபாரிசு என்று நினைத்து நிற்கவைத்தே அனுப்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பெரியவர்களை நடுவில் வைத்துப் பிணக்கைத் தீர்ப்பது அங்கே ஆழமாக வேரூன்றிய வழக்கம். அவர்கள் மதிப்பெண் போடச் சொல்லி வரவில்லை, ‘ஆசிரியருக்கு இவன்மேல் கோபம் ஏதும் உண்டா, இருந்தால் மன்னிப்புக் கேட்கிறான்’ என்று சொல்ல வந்திருக்கிறார்கள். அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் சரிதான். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இடைத் தேர்வுகளில் நான் ‘பயம் வரட்டும்’ என்று பிடித்து வைத்த மதிப்பெண்கள் இருந்தன, அவற்றை மாற்றும் காலக்கெடு தாண்டிவிட்டது. பையன் போய்விட்டான். அவன் ஊருக்குப் பஸ்ஸில் இரண்டு நாள் பயணம்.

ஆகவே போனதும் முதல் வேலையாக அந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். மூன்றாவது வாரத்திலேயே ஒரு சின்னத் தேர்வு வையுங்கள், தாளைத் திருப்பிக் கொடுத்துக் காட்டுங்கள், தவறு இருந்தால் அப்போதே தகராறு செய்யட்டும். பெரியவர்கள் யாராவது வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு மதிப்பெண்ணை மாற்ற மாட்டேன் என்று சொல்லலாம், அதை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். கேட்காமல் அனுப்புவதுதான் அவமதிப்பு.

உங்கள் சக ஆசிரியர்களைப் பற்றி ஒன்று. உங்களைவிட நன்றாகப் பாடம் நடத்தும் உள்ளூர் விரிவுரையாளரின் சம்பளம் உங்களுடையதில் சிறு பங்காக இருக்கும். அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார், நீங்களும் டாலர் கணக்கை அவர் எதிரில் போடாதீர்கள். இந்திய ஆசிரியர்கள் ஒரே குடியிருப்பில் கூடி, ஒன்றாகச் சமைத்து, இவர்கள் இப்படித்தான் என்று தினமும் புலம்பிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் நிறப் பேச்சும் கலந்திருக்கும், கேட்கவே கூசும். முதல் மாதம் அந்தக் கூட்டம் பெரிய துணை. நாலாவது மாதமும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வெளியே வர முடியாது.

நமக்கு முன்னால் போனவர்கள் சம்பாதித்து வைத்த நல்ல பெயரும் ஒன்று இருக்கிறது. ஹெய்லே செலாசி மன்னர் காலத்தில், 1974-இல் அவர் ஆட்சி கவிழும்வரை, ஏராளமான இந்திய ஆசிரியர்கள், முக்கியமாகக் கேரளத்தவர், அந்த நாட்டின் உள்ளூர்ப் பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் வங்கி வாசலில் காவலுக்கு நின்ற முதியவர் என்னை நிறுத்தி, சுத்தமான ஆங்கிலத்தில் பித்தகோரஸ் தேற்றத்தைச் சொல்லிக் காட்டினார். ஏழாம் வகுப்பில் அவருக்குக் கணக்கு எடுத்தவர் ஓர் இந்தியராம். பெயர் மறந்துவிட்டது, பிரம்பு மறக்கவில்லை என்று சிரித்தார்.

கலாச்சார அதிர்ச்சி என்ற பேச்சைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954-இல் பிரேசிலில் பேசியபோது அதைப் படிப்படியாகப் பிரித்தார்: முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு மெல்லத் தேறுதல். என் அனுபவத்தில் வரிசை சரிதான், ஆனால் நெருக்கடி நான் எதிர்பார்த்த வடிவத்தில் வரவில்லை. நாலாவது மாதம், எந்தக் காரணமும் இல்லாமல், தண்ணீர் வராத ஒரு காலையில் மஞ்சள் ஜெரிகேனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எல்லார் மேலும் வெறுப்பாக வந்தது. அந்த ஊர், அந்த மொழி, அந்த ‘இஷி’ எல்லாமே. ஒரு மாதம் அப்படியே கிடந்தது. அந்த மாதத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். எழுதினாலும் கொடுக்காதீர்கள்.

குடும்ப விஷயம். முதல் செமஸ்டர் தனியாகப் போங்கள். அடிஸ் அபாபாவில் வேலை என்றால் குழந்தைக்குப் பள்ளி கிடைக்கும். வெளியூர் என்றால் நீங்கள் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும், முகவர் சொல்வதை நம்ப வேண்டாம். திக்ராய் போர் 2020 நவம்பரில் தொடங்கி 2022 நவம்பரில் ஒப்பந்தத்தோடு நின்றது. அம்ஹாரா பகுதியில் 2023-இல் மோதல் வெடித்தது. எந்த ஊர் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும், எனவே அங்கே இப்போது வேலை பார்க்கும் இந்தியர் இருவரிடமாவது பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் டாலரிலா, அந்நாட்டு நாணயமான பிர்ரிலா, எவ்வளவு டாலராக ஊருக்கு அனுப்பலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2024 ஜூலை இறுதியில் பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டபோது டாலருக்கு ஐம்பத்தேழு பிர்ர் என்றிருந்தது சில வாரங்களிலேயே நூறைத் தாண்டியது. பிர்ரில் சம்பளம் பேசியவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் மாணவர் எண்ணிக்கையையும் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை 2022-இல் பல்கலைக்கழக வளாகங்களுக்கு மாற்றிக் கறாராக நடத்தியபோது பாதி மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் 3.3 சதவீதம்தான், அடுத்த ஆண்டு 3.2. என் காலத்தில் ஹால் கொள்ளாத கூட்டம் இருந்தது, இப்போது அப்படி இருக்காது.

சாமான்கள்: புளி, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை காயவைத்தது. அங்கே மிளகாய்க்கும் மசூர் பருப்புக்கும் குறைவில்லை. பிரஷர் குக்கர் கட்டாயம். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் உயரம், தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். அர்பா மிஞ்ச் மாதிரித் தாழ்வான ஊர் என்றால் அவ்வளவு தொல்லை இல்லை, ஆனால் கொசுவலை வேண்டும். குக்கருக்கு கேஸ்கட் மட்டும் மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டாவது வருடம் கிழிந்துபோய், ஊரிலிருந்து ஆள் வரும்வரை ஐந்து மாதம் வெறும் ஷிரோவிலேயே ஓட்டினேன்.